வண்ணாரப்பேட்டையில் மாட்டி, லடாக்கில் எரியவேண்டிய ஹீட்டர்: இரண்டு பேட்டரி வேனில் வயரிங்

வடசென்னையில் நின்றுகொண்டு வேனுக்கு ஹீட்டர் மாட்ட வேண்டும் என்றால், மெக்கானிக் ஏற இறங்கத்தான் பார்ப்பார். மார்கழி விடியற்காலையிலும் ஃபேன் ஓடுகிற ஊர் இது. ஆனால் இங்கே ஷெட்டில் நிறுத்தி, படுக்கையும் சமையல் மேடையும் வைத்துக் கட்டிய டெம்போ டிராவலர் ஜி.என்.டி. ரோடு ஏறினால் நெல்லூரோடு நிற்பதில்லை. ஸ்பிட்டி, லே என்று போய்விடுகிறது. அவ்வளவு தூரம்கூட வேண்டாம். ஜனவரியில் ஊட்டியில் ஒரு ராத்திரி வண்டியிலேயே படுத்துப் பாருங்கள், ஹீட்டர் எதற்கு என்ற கேள்வி வராது.

சிக்கல் ஹீட்டரில் இல்லை. 32 டிகிரியில், நிறைய சார்ஜ் ஏறிய பேட்டரியில், பகலில் சோதித்தால் எந்த வயரிங்கும் பாஸ் ஆகிவிடும். அதே வயரிங் மைனஸ் 8 டிகிரியில், பாதி வடிந்த பேட்டரியில், ராத்திரி மூன்று மணிக்கு ஃபெயில் ஆகும். "சைனா ஹீட்டர் சரியில்லை" என்று கழற்றிப் போட்டவற்றில் பெரும்பாலானவை வயர் மெலிந்ததால் கெட்ட பெயர் வாங்கியவை என்பது எங்கள் கருத்து. ஆகவே, சூட்டில் உட்கார்ந்துகொண்டு குளிருக்கு எப்படி வயர் போடுவது என்பதுதான் இங்கே விஷயம்.

எவ்வளவு கரன்ட்

பார்க்கிங் ஹீட்டர், அதாவது எஞ்சின் நின்றிருக்கும்போதும் ஓடும் இந்த ஹீட்டர், வெப்பத்தை பேட்டரியிலிருந்து எடுப்பதில்லை. டீசலை எரித்து எடுக்கிறது. பேட்டரி கொடுப்பது ஃபேன், டீசல் பம்ப், கண்ட்ரோல் போர்டு, பற்றவைக்கும் க்ளோ பிளக் ஆகியவற்றுக்கு மட்டும். 2 கிலோவாட் ஏர் ஹீட்டர் ஓட்டத்தில் இருக்கும்போது ஒன்றிலிருந்து மூன்று ஆம்பியர்வரை இழுக்கும். ஆனால் பற்றவைக்கும்போது க்ளோ பிளக்குக்காக 8 முதல் 10 ஆம்பியர்வரை இரண்டு மூன்று நிமிடம் இழுக்கும். அணைக்கும்போதும் ஒருமுறை க்ளோ பிளக் சூடாகி மிச்சமிருக்கும் டீசலை எரிக்கும். பிறகு ஃபேன் மட்டும் மூன்று முதல் ஐந்து நிமிடம் ஓடி உள்ளே குளிரவைக்கும்.

இரண்டு எண்களுக்கும் வேலை வேறு. சராசரி கரன்ட்டை வைத்து பேட்டரியின் அளவைத் தீர்மானியுங்கள். உச்ச கரன்ட்டை வைத்து வயரின் தடிமனைத் தீர்மானியுங்கள். பத்து மணி நேர ராத்திரிக்கு சராசரி 2 ஆம்பியர் என்றால் 20 ஆம்பியர்-அவர். ஒவ்வொரு முறை பற்றவைக்கவும் அதிகபட்சம் அரை ஆம்பியர்-அவர் போகும். ராத்திரிக்கு 25 என்று ஒதுக்கினால் தாராளம். "இரண்டு ஆம்பியர்தானே" என்று சொல்லி இந்த எண்ணை வைத்து வயர் வாங்குவதில்தான் கோளாறு பிறக்கிறது.

வோல்ட் எங்கே தொலைகிறது

ஹீட்டர் கோ-டிரைவர் சீட்டுக்கு அடியில், வீட்டு பேட்டரி (எஞ்சினுக்கு இல்லாமல், வேனுக்குள் விளக்கு, ஃபிரிட்ஜ் ஓட்ட வைக்கும் இரண்டாவது பேட்டரி) பின் படுக்கைக்கு அடியில் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வழிக்கு 5 மீட்டர், போக வர 10 மீட்டர் செம்பு. 10 ஆம்பியர் போனால் 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயரில் ஏறக்குறைய 1.2 வோல்ட் தொலையும். 2.5 ஸ்கொயரில் 0.7, 4 ஸ்கொயரில் 0.44, 6 ஸ்கொயரில் 0.3. ஃபியூஸ் ஹோல்டர், லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக முனை), கனெக்டர் எல்லாம் சேர்ந்து இன்னொரு 0.2, 0.3 வோல்ட் சாப்பிடும்.

பெரும்பாலான 12 வோல்ட் ஹீட்டர்கள் 10.5 வோல்ட்டுக்குக் கீழே போனால் நின்றுவிடும். இப்போது சென்னைக் கணக்கைப் பாருங்கள்: முழு ஏ.ஜி.எம். பேட்டரி (ஆசிட் சிந்தாத மூடிய லெட்-ஆசிட் வகை) 12.7 வோல்ட், லோடு விழுந்தால் 12.4. 1.5 ஸ்கொயர் வயரும் ஜாயின்ட்டுகளும் 1.5 வோல்ட் தின்றாலும் ஹீட்டருக்கு 10.9 கிடைக்கும். எரியும். மலைமேல் ராத்திரிக் கணக்கு: பாதி வடிந்த பேட்டரி 12.2, குளிரில் லோடு விழுந்தால் 11.7. அதில் 1.5 கழித்தால் 10.2. எரர் விழும். ஹீட்டர் அதே, வயர் அதே, பேட்டரியும் அதே.

10.5-க்கு மேலே இருந்தால் மட்டும் போதும் என்றும் இல்லை. க்ளோ பிளக்கின் வெப்பம் வோல்ட்டின் வர்க்கத்தில் போகிறது. வோல்ட் 12 சதவீதம் குறைந்தால் வெப்பம் ஏறக்குறைய 23 சதவீதம் குறையும். அரைச் சூட்டில் டீசல் பற்றாமல் ஆவியாகி வெள்ளைப் புகையாக வரும், இரண்டாவது முயற்சிக்குப் போகும், ஹீட்டரின் எரியறைக்குள் கரி படியும். பேட்டரிக்கும் இரட்டைச் செலவு.

ஜெர்மன் ஹீட்டர் கம்பெனி எபர்ஸ்பேச்சரின் ஏர்ட்ரானிக் மேனுவலில் இதற்கு நேரான விதி இருக்கிறது: ப்ளஸ், மைனஸ் இரண்டையும் கூட்டி 5 மீட்டருக்குள் என்றால் 4 ஸ்கொயர், 5 முதல் 8 மீட்டர்வரை 6 ஸ்கொயர். கவனிக்க வேண்டியது "கூட்டி" என்பதை. ஒரு வழித் தூரத்தை மட்டும் அளந்துவிட்டு 4 ஸ்கொயர் வாங்குகிறவர்கள் அதிகம். எங்கள் பரிந்துரை: நீளம் எதுவானாலும் 6 ஸ்கொயரே போடுங்கள். விலை வித்தியாசம் வழியில் ஒரு பகல் சாப்பாட்டுச் செலவுக்குள் அடங்கும்.

ஹீட்டரோடு வருகிற ஹார்னஸ் வயரை அப்படியே நீட்டாதீர்கள். அது மெலிசு; சில செட்டுகளில் வெளியே செம்பு பூசி உள்ளே அலுமினியம். பவர் வயரை ஹீட்டர் பிளக்கிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டி, அங்கிருந்து பேட்டரிவரை 6 ஸ்கொயருக்கு மாற்றுங்கள். கத்தியால் ஒரு இழையைச் சுரண்டினால் வெள்ளி நிறம் தெரியும்; அது அலுமினியமா, டின் பூச்சா என்று சந்தேகம் வந்தால் லைட்டரில் காட்டுங்கள். அலுமினிய இழை சட்டென்று உருகித் தொங்கிவிடும், செம்பு சிவந்து நிற்கும்.

எந்த பேட்டரியில் கொடுப்பது

வீட்டு பேட்டரியில். இதில் விவாதம் வேண்டாம். ஸ்டார்ட்டர் பேட்டரி ஹீட்டருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, வயர் மிச்சம் என்று அதில் கொடுக்கும் எலக்ட்ரீஷியன்கள் உண்டு. லெட்-ஆசிட் பேட்டரியின் கொள்ளளவு 0 டிகிரியில் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. மைனஸ் 18-இல் பாதிக்கு அருகில் போய்விடுகிறது. அந்த நேரத்தில்தான் எஞ்சின் ஆயிலும் கெட்டியாகி, செல்ஃப் மோட்டார் வழக்கத்தைவிட அதிகம் கேட்கும். ராத்திரி முழுக்க ஹீட்டர் குடித்த பேட்டரியை வைத்துக்கொண்டு காலையில் டீசல் எஞ்சினைத் தூக்க முடியாது.

பேட்டரி வாங்கும் முன், வண்டி 12 வோல்ட்டா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். டெம்போ டிராவலர், விங்கர் எல்லாம் 12. பெரிய பஸ், லாரிகளில் 24 வோல்ட் உண்டு. 24 வோல்ட் வண்டியில் இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 எடுத்து ஹீட்டருக்குக் கொடுப்பது நம்ம ஊர் பழக்கம். அதில் ஒரு பேட்டரி எப்போதும் காய்ந்தும் மற்றது எப்போதும் பொங்கியும் இருக்கும். இரண்டும் சீக்கிரம் போய்ச் சேரும். 24 வோல்ட் ஹீட்டரே வாங்குங்கள்.

வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் டியூபுலர் பேட்டரியை வேனுக்குள் வைப்பதும் வேண்டாம். உயரமானது, ஆசிட் சிந்தும், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் விடும், சாலை அதிர்வுக்காகச் செய்தது அல்ல. மூடிய படுக்கைக்கு அடியில் வைக்க ஏ.ஜி.எம். அல்லது லித்தியம் அயர்ன் பாஸ்பேட், இரண்டில் ஒன்று. 100 ஆம்பியர்-அவர் ஏ.ஜி.எம். பேட்டரியில் பாதிதான் எடுக்கலாம். குளிரில் அது 40 ஆகும். ஹீட்டருக்கு 25, விளக்கு, போன் சார்ஜ், சின்ன ஃபிரிட்ஜ் என்றால் விளிம்பில் நிற்கும். அதே அளவு லித்தியத்தில் 80, 90 கிடைக்கும். வோல்ட்டும் கடைசிவரை 13-ஐ ஒட்டியே நிற்கும், அதனால் வயர் இழப்பைக் கொஞ்சம் மன்னிக்கும்.

லித்தியம் மன்னிக்காதது வேறொன்று. 0 டிகிரிக்குக் கீழே அதிலிருந்து எடுக்கலாம், ஆனால் ஏற்றக்கூடாது. உறைந்த செல்லில் சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உலோகமாகப் படிந்து செல் நிரந்தரமாகக் கெடும். நல்ல பி.எம்.எஸ். (பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு போர்டு) அந்த நேரத்தில் சார்ஜைத் தடுத்துவிடும். விலை குறைந்தவற்றில் இந்தத் தடுப்பே இருக்காது. எனவே லித்தியம் பேட்டரி வண்டிக்குள் இருக்கட்டும், சேஸிஸில் பெட்டி அடித்துத் தொங்கவிட வேண்டாம். ஹீட்டர் காற்றுக் குழாயில் சின்னக் கிளை ஒன்று பேட்டரிப் பெட்டி பக்கம் போனால் இன்னும் நல்லது.

இரண்டு பேட்டரிக்கும் நடுவில்

பழைய வண்டிகளில் வி.எஸ்.ஆர். (வோல்ட்டைப் பார்த்துத் தானாகச் சேர்க்கும், பிரிக்கும் ரிலே) போதும். எஞ்சின் ஓடி வோல்ட் 13.3-ஐத் தொட்டால் இரண்டு பேட்டரியையும் சேர்க்கும், 12.8-க்கு இறங்கினால் பிரிக்கும். பி.எஸ்.6 வண்டிகளில் இது பலமுறை காலை வாரும். எரிபொருள் மிச்சப்படுத்த, ஸ்டார்ட்டர் பேட்டரி நிறைந்ததும் ஆல்டர்னேட்டர் வோல்ட்டைக் குறைக்கும் அமைப்பு இருந்தால், வி.எஸ்.ஆர். பிரிந்துவிடும், நாள் முழுக்க ஓட்டியும் வீட்டு பேட்டரி பாதியிலேயே நிற்கும். லித்தியம் என்றால் வி.எஸ்.ஆர். இன்னும் ஆபத்து. காலியான லித்தியம் ஆல்டர்னேட்டரை உறிஞ்சி எடுக்கும். ஆல்டர்னேட்டர் சூடேறி வைண்டிங் போகும்.

ஆகவே டி.சி.-டி.சி. சார்ஜர்: ஸ்டார்ட்டர் பக்கத்திலிருந்து எடுத்து, வீட்டு பேட்டரிக்கு வேண்டிய வோல்ட்டில், அளவான கரன்ட்டில் ஏற்றும் பெட்டி. 30 ஆம்பியர் யூனிட்டுக்கு ஸ்டார்ட்டர் பேட்டரியிலிருந்து 16 ஸ்கொயர் கேபிள், அந்த முனையில் 60 ஆம்பியர் ஃபியூஸ். வீட்டு பேட்டரி முனையில் 40 அல்லது 50. இரண்டு முனையிலும் பேட்டரி இருப்பதால் இரண்டு முனையிலும் ஃபியூஸ் வேண்டும். நடுவில் வயர் உரசிச் சேஸிஸைத் தொட்டால் ஒரு பக்கத்து ஃபியூஸ் மட்டும் எரிந்து பயனில்லை, மறுபக்கத்து பேட்டரி கொட்டிக்கொண்டே இருக்கும். சார்ஜருக்கான ஆன் சிக்னலை எஞ்சின் ஓடும்போது மட்டும் வரும் லைனிலிருந்து எடுங்கள்.

ஹீட்டருக்கு இதில் இன்னொரு நன்மை உண்டு. வி.எஸ்.ஆர். சேர்ந்திருக்கும் நிலையில் எஞ்சினை நிறுத்தி உடனே மறுபடி செல்ஃப் அடித்தால், வோல்ட் சட்டென்று விழுந்து ஓடிக்கொண்டிருக்கும் ஹீட்டர் எரரில் போகும். டி.சி.-டி.சி. இருந்தால் வீட்டுப் பக்கத்துக்கு அந்த அதிர்ச்சி வராது.

ஹீட்டர் லைன்

இங்கே ஒரே கட்டளை: எரிந்துகொண்டிருக்கும் ஹீட்டரின் கரன்ட்டை எதுவும், யாரும், எப்போதும் வெட்டக்கூடாது. உள்ளே இருக்கும் அலுமினிய ஹீட் எக்ஸ்சேஞ்சர் கொதிக்கும் சூட்டில் இருக்கும்போது ஃபேன் நின்றால், அந்தச் சூடு போக வழியில்லாமல் பிளாஸ்டிக் உறையையும் சென்சாரையும் போர்டையும் தின்னும். அடுப்பை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் சூட்டில் வேகிற குழம்பு மாதிரிதான், ஆனால் இங்கே வேகுவது போர்டு.

அதனால் ஹீட்டர் லைன் கீழ்க்கண்ட எதன் வழியாகவும் போகக்கூடாது. மாஸ்டர் ஐசொலேட்டர் சுவிட்ச்: படுக்கும்முன் "எல்லாத்தையும் ஆஃப் பண்ணு" என்று யாராவது திருப்பிவிடுவார்கள். சோலார் சார்ஜ் கண்ட்ரோலரின் லோடு முனை: 10, 20 ஆம்பியரில் திணறும், லோ வோல்ட்டில் சட்டென்று வெட்டும். தானாக வெட்டும் பேட்டரி புரொடெக்டர்: அதற்கும் அதே குணம். வண்டியின் கம்பெனி ஃபியூஸ் பாக்ஸ்: சாவியோடு போய்விடும். டிரைவர் கை எட்டும் இடத்தில் தனியாக ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் வைப்பது இங்கே பரவலான ஆசை. கண்ட்ரோலரில் ஆஃப் பட்டன் இருக்கும்போது அது எதற்கு?

சரியான பாதை இது. வீட்டு பேட்டரி ப்ளஸ், மெயின் ஃபியூஸ், பஸ்பார் (பல வயர்கள் வந்து சேரும் உலோகப் பட்டை), அதிலிருந்து 20 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ், நேராக ஹீட்டர். ஐசொலேட்டர் வேண்டுமென்றால் மற்ற லோடுகளுக்கு வையுங்கள்; ஹீட்டரின் 20 ஆம்பியர் ஃபியூஸ் அதற்கு முன்னாலேயே பிரியட்டும். லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கில் ஆம்பியர் கொட்டும். எனவே மெயின் ஃபியூஸ் சாதா கார் ஆடியோ ஃபியூஸாக இல்லாமல் கிளாஸ்-டி (Class T) மாதிரி உயர் உடைப்புத் திறன் உள்ளதாக, அதாவது பெரிய ஷார்ட் கரன்ட்டையும் பத்திரமாக வெட்டுவதாக இருக்க வேண்டும். வீட்டு ஸ்விட்ச் போர்டில் இருக்கும் எம்.சி.பி.யை இதற்குப் போடாதீர்கள், அது ஏ.சி. கரன்ட்டுக்கு அளவிடப்பட்டது, வண்டி அதிர்வுக்கும் அல்ல.

மைனஸ் வயரும் அதே 6 ஸ்கொயரில் பஸ்பார்வரை போகட்டும். பேட்டரி மானிட்டர் ஷன்ட் (மைனஸ் லைனில் கரன்ட்டை அளக்கும் துண்டு) இருந்தால் அதன் லோடு பக்கத்து போல்ட்டில்; பேட்டரி பக்கத்தில் கொடுத்தால் ஹீட்டர் குடித்தது மீட்டரில் தெரியவே தெரியாது, 90 சதவீதம் காட்டிக்கொண்டே பேட்டரி படுத்துவிடும்.

லித்தியத்தின் பி.எம்.எஸ். மட்டும் நாம் தவிர்க்க முடியாத வெட்டு. அதனால் மானிட்டரில் 30 சதவீதத்துக்கு அலாரம் வையுங்கள், சத்தம் கேட்கிற அலாரம். அது கத்தினால் ஹீட்டரைக் கண்ட்ரோலரில் முறையாக அணைத்துவிட்டுப் போர்த்திக்கொண்டு படுங்கள்.

உப்புக்காற்றுக்கு வயர்

காசிமேட்டிலிருந்து எண்ணூர்வரை கடலோரம் நிற்கிற வண்டியில் வெறும் செம்பு வயர் எப்படி இருக்கும் என்று பார்க்க, பழைய வயரின் உறையை ஒரு அடி சீவிப் பாருங்கள். நுனி மட்டுமல்ல, உள்ளே வெகுதூரம் கறுத்திருக்கும். உப்பு ஈரம் இழைகளுக்கு நடுவே ஏறுகிறது. கறுத்த செம்பில் லக் போட்டால் முதல் நாளிலிருந்தே ரெசிஸ்டன்ஸ்.

தீர்வு டின் பூசிய செம்பு. மரைன் கேபிள் என்று கேட்டால் விலை தலைசுற்றும். சோலார் பேனலுக்குப் போடும் 6 ஸ்கொயர் டி.சி. கேபிள் நல்ல மாற்று: டின் பூசிய மெல்லிய இழைகள், இரட்டை உறை, சூடு தாங்கும், சிவப்பும் கறுப்பும் மீட்டர் கணக்கில் கிடைக்கும். செம்பு என்று அச்சிட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், அலுமினிய சோலார் கேபிளும் சந்தையில் உண்டு. வீட்டு வயரிங்குக்கான 6 ஸ்கொயர் வேண்டாம். இழை தடிப்பு, அதிர்வில் லக் ஓரத்தில் ஒவ்வொன்றாக ஒடியும்.

லக்கை பிளையர் வைத்து நசுக்கக்கூடாது. அளவுக்கேற்ற டை உள்ள கிரிம்பிங் டூல் வேண்டும். கிரிம்ப் செய்தபின் இழுத்துப் பாருங்கள், உடல் எடையைப் போட்டு. சால்டரிங் மட்டும் செய்வதும் தவறு. ஈயம் வயருக்குள் ஏறி அது நிற்கும் இடத்தில் விறைப்பாகி, அங்கேயே ஒடியும். கிரிம்ப்பின் மேல் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். கறுப்பு இன்சுலேஷன் டேப் சென்னை வெயிலில் பசை உருகி வழுக்கிக் கழன்றுவிடும், அதை இந்த வேலைக்குக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

எர்த்தை பாடியில் அடிப்பது இந்த ஊரில் நல்ல யோசனை இல்லை. பெயின்ட்டைச் சுரண்டி போல்ட் முறுக்கிய இடம் ஒரு மழைக்காலம் தாண்டினால் துரு. இரண்டு வயரையும் பேட்டரிவரை கொண்டுபோகச் சொன்னது இதற்கும்தான்.

அதிகம் அடிபடுவது தரைக்கு அடியில் இருக்கும் டீசல் பம்ப் பிளக். இரண்டு மெல்லிய வயர், திறந்த பிளக், மேலே சாலைத் தண்ணீர். பிளக் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். வயர் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு இறங்கி ஏறட்டும், தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். உள்ளே டைஎலக்ட்ரிக் கிரீஸ். பம்ப்பைக் கிடைமட்டமாகக் கட்டாமல் வெளிவாய் மேல்நோக்கிச் சாய்த்துக் கட்டுங்கள், குறைந்தது 15 டிகிரி. படுக்கப்போட்டால் காற்றுக் குமிழ் உள்ளேயே சுற்றும், எலக்ட்ரிக்கல் கோளாறு மாதிரியே தெரியும். மழைக்காலத்தில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் சுற்றிப் போய்விடுங்கள். ஹீட்டரின் காற்றுக் குழாயும் புகைக் குழாயும் எஞ்சினைவிடத் தாழ்வாக இருக்கின்றன.

புகைக் குழாயிலிருந்து எந்த வயரும் ஒரு சாணுக்குள் போகக்கூடாது. தகரத்தில் துளை போட்ட இடமெல்லாம் ரப்பர் கிராமெட்.

வேலை வரிசை

வாங்க வேண்டியது: 6 ஸ்கொயர் சிவப்பு 6 மீட்டர், கறுப்பு 6 மீட்டர், 6 ஸ்கொயருக்கான ரிங் லக் ஆறு (பேட்டரி, பஸ்பார் போல்ட் அளவு பார்த்து), தடித்த வயரோடு வரும் பிளேடு ஃபியூஸ் ஹோல்டர் ஒன்று, 20 ஆம்பியர் ஃபியூஸ் ஐந்து, ஹீட்டர் பக்கத்தில் சேர்க்க பட் கனெக்டர் நான்கு, கொருகேட்டட் குழாய் ஒரு சுருள், கிராமெட், கேபிள் டை. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று, தனி பேட்டரியில் ஓடுவது. புகைக் குழாய் ஜாயின்ட் லேசாகக் கசிந்தாலும் மணமில்லாத அந்த வாயு தூக்கத்திலேயே முடித்துவிடும். இதில் சிக்கனம் பார்க்கிறவருக்கு நாங்கள் ஹீட்டரே பரிந்துரைக்க மாட்டோம்.

முதலில் பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். ஹீட்டர் பக்கத்திலிருந்து தொடங்கி பேட்டரியை நோக்கி வாருங்கள்; ஃபியூஸைக் கடைசிவரை செருக வேண்டாம். எல்லாம் முடிந்தபின் ஹீட்டர் பிளக்கில் ப்ளஸ் எது, மைனஸ் எது என்று மீட்டரில் பாருங்கள். நிறத்தை நம்பாதீர்கள். தலைகீழாகக் கொடுத்தால் போர்டு ஒரு நொடியில் போகும். கண்ட்ரோலர் ஹீட்டர் காற்று வரும் வாயில் எதிரில் இருக்கக் கூடாது. பல செட்டுகளில் வெப்ப சென்சார் கண்ட்ரோலருக்குள்ளேயே இருக்கிறது, அது தன் காற்றையே அளந்து அறை சூடாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளும்.

பிறகு டீசல் பிரைமிங், அதாவது பம்ப்பை ஓட்டிக் காலிக் குழாயில் டீசல் நிரப்புவது. குழாயில் டீசல் ஹீட்டருக்கு ஒரு சாண் தூரத்தில் வந்ததும் நிறுத்துங்கள். "இன்னும் கொஞ்சம்" என்று விட்டால் எரியறைக்குள் டீசல் தேங்கி, முதல் பற்றலில் தெருவே மறையும்படி வெள்ளைப் புகை வரும்.

32 டிகிரியில் எப்படிச் சோதிப்பது

வெப்பநிலை வைக்கும் மோடில் சோதித்தால் ஹீட்டர் பற்றவே பற்றாது, அல்லது அடிமட்டத்தில் ஓடும். வெளியே ஏற்கெனவே அதைவிடச் சூடு. நேரடி பவர் லெவல் மோடுக்கு மாற்றி, கதவுகளைத் திறந்து வைத்து ஓட்டுங்கள்.

க்ளோ பிளக் சூடாகும் முதல் நிமிடத்தில் மில்லிவோல்ட் எடுங்கள். மீட்டரின் ஒரு முனை பேட்டரி ப்ளஸ் போல்ட்டில், மறுமுனை ஹீட்டர் பிளக்கின் ப்ளஸில். வருகிற எண் அந்தப் பக்கத்து இழப்பு. அதேபோல் மைனஸ் பக்கம். இரண்டும் சேர்ந்து 0.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். தாண்டினால் ஃபியூஸ் ஹோல்டர், கிரிம்ப் என்று ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் தொட்டு அளந்தால் திருடன் அகப்பட்டுவிடுவான். கரன்ட் அளக்க கிளாம்ப் மீட்டர் வாங்கினால் டி.சி. ஆம்பியர் அளக்கிறதா என்று பாருங்கள். விலை குறைந்தவற்றில் பல ஏ.சி. மட்டும்தான் அளக்கும், பேட்டரி வயரில் பூஜ்யம் காட்டும்.

அடுத்தது முக்கியம். லெட்-ஆசிட் என்றால் விளக்கு, ஃபிரிட்ஜ் போட்டு பேட்டரியை 12.1, 12.0 வோல்ட்வரை இறக்கிவிட்டு, சோலாரையும் எஞ்சினையும் நிறுத்தி, ஹீட்டரைப் பற்றவையுங்கள். குளிரை இங்கே கொண்டுவர முடியாது, குளிர் செய்யும் வோல்ட் சரிவைக் கொண்டுவரலாம். இந்த நிலையில் முதல் முயற்சியிலேயே பற்றினால் வயரிங் தேறிவிட்டது. அணைத்தபின் ஃபேன் தானாக நிற்கும்வரை காத்திருங்கள், ஃபியூஸில் கை வைக்காதீர்கள்.

கோளாறும் காரணமும்

எஞ்சின் ஓடும்போது பற்றுகிறது, நின்றால் பற்றவில்லை: சந்தேகமே வேண்டாம், வயர் இழப்பு. 14 வோல்ட்டில் மறைந்திருந்த குறை 12.3-இல் வெளியே வருகிறது. கொஞ்ச நேரம் எரிந்து வெள்ளைப் புகையோடு நிற்கிறது: பெரும்பாலும் டீசல் லைனில் காற்று, மின்சாரத்தைக் குறை சொல்ல வேண்டாம். ஃபிரிட்ஜ் கம்ப்ரெசர் தொடங்கும்போது ஹீட்டர் நிற்கிறது: இரண்டும் ஒரே மெல்லிய கிளையில் தொங்குகின்றன. ஃபியூஸ் ஹோல்டர் பழுப்பேறி உருகுகிறது: உள்ளே ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. இதற்கு 30 ஆம்பியர் ஃபியூஸ் போடுவது வைத்தியம் இல்லை. ஹார்னஸ் வயர் ஃபியூஸாக மாறி, வண்டி எரியும்.

லேயின் உயரம் ஏறக்குறைய 3,500 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். டீசல் அதே அளவு, காற்று குறைவு என்றால் கரி. 1,500 மீட்டருக்கு மேல் பம்ப் துடிப்பைக் குறைக்கும் செட்டிங், அல்லது கம்பெனி ஹீட்டர்களுக்கு ஆல்டிட்யூட் கிட் வேண்டும். கரி அடைத்த ஹீட்டர் மறுபடி மறுபடி க்ளோ பிளக்கைச் சுடவைத்து பேட்டரியையும் தின்னும். நாள்தோறும் அணைக்கும் முன் பத்து, பதினைந்து நிமிடம் முழு வேகத்தில் ஓட்டினால் கரி கொஞ்சம் எரியும்.

டீசலையும் மறக்க வேண்டாம். இந்தியத் தரப்படி சாதாரண டீசல் கோடையில் 18 டிகிரி, குளிர்காலத்தில் 6 டிகிரிவரை வடிகட்டியில் அடைக்காமல் ஓடினாலே போதும். சென்னையில் நிரப்பிய டேங்க்கோடு மைனஸில் நின்றால் மெழுகு கட்டும், பம்ப் வெறுமனே டிக் டிக் என்று அடிக்கும். லடாக்குக்கென்று 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் மைனஸ் 33 டிகிரிவரை உறையாத குளிர்கால டீசலைக் கொண்டுவந்தது. மேலே ஏறும்முன் சென்னை டீசலை முடித்துவிட்டு அங்கே நிரப்புங்கள்.

ஆர்.சி. விஷயம்: வண்டி அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுக்குள் வரும். ஆர்.டி.ஓ.விலும் இன்சூரன்ஸிலும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பியபின் வண்டி மாதக்கணக்கில் நிற்கும். மாதம் ஒருமுறை பதினைந்து நிமிடம் ஹீட்டரை ஓட்டுங்கள், வியர்த்துக் கொட்டினாலும் பரவாயில்லை. இல்லாவிட்டால் பம்ப்பில் டீசல் பிசின் மாதிரி ஒட்டும். ஓடும்போது க்ளோ பிளக் நேரத்தில் ஃபியூஸ் ஹோல்டரையும் பஸ்பார் லக்கையும் விரலால் தொட்டுப் பாருங்கள். வயரைவிட அங்கே சூடு அதிகம் என்றால் அந்த லக்கை வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்யுங்கள்.